ஏழு மாதத்தை இரண்டு வருஷமாக்கிய சைக்கிள் பயணம்

தம்பி,

பழனியாண்டியின் பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை மாலை, தலவாக்கலைக்கு மேலே உள்ள தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அவருடைய அறை வாசலில் உட்கார்ந்து, பதிவுத் தபாலில் வந்த உத்தரவைக் கையில் வாங்கி இரண்டு முறை வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு பக்கம். உலக யுத்தம் முடிந்த பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அவர் இந்தியாவில் தங்கியிருந்ததால், இந்நாட்டில் தொடர்ந்து வசித்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரமாக உத்தரவு ஒரே ஒரு தாளைத்தான் காட்டுகிறது. அது ஒரு பத்திரிகைக் கட்டுரை. எழுதியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது.

அதே வாரத்தில்தான் உன் கடிதமும் வந்தது. சித்திரை விடுமுறையில் நீயும் உன் அலுவலக நண்பர்கள் இரண்டு பேரும் சைக்கிளில் தீவைச் சுற்றிவரப் போகிறீர்கள் என்றும், எட்டு வருஷத்துக்கு முன்னால் உன் அப்பா நான் அப்படிச் சுற்றிவந்து எழுதிய தொடரின் பத்திரிகை நறுக்குகளை அனுப்பும்படியும் கேட்டிருந்தாய். வழியில் நான் சந்தித்த மனிதர்களின் பெயரும் இடமும் வேண்டும், அவர்களை மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். நறுக்குகளை அனுப்ப மாட்டேன். ஏன் என்பதை உனக்குத் தனியாக எழுதியிருக்கலாம். ஆனால் பொய் அச்சில் வந்தது, நாலு பேர் வாசிக்க வந்தது. அதைத் திருத்துவதும் அப்படித்தான் வர வேண்டும். நான் வேலை செய்யும் பத்திரிகை இதைப் போடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அதனால் வேறொரு இதழில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன்.

அந்தப் பயணத்தை நீ ஒரு வீரச்செயலாகவே நினைத்து வளர்ந்திருக்கிறாய். ஏழாம் வகுப்பில் என் கட்டுரை ஒன்றை உரக்க வாசித்துக் காட்டி வாத்தியாரிடம் பாராட்டு வாங்கியதை வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாய். நான் உன்னைத் திருத்தவில்லை. உண்மையில் நடந்தது என்னவென்றால், பத்திரிகை விற்பனை சரிந்திருந்தது. ஆசிரியர் ஏதாவது வேடிக்கையாகச் செய்ய வேண்டும் என்றார். நாற்பது வயதில், தொந்தியோடு, கடன் வாங்கிய சைக்கிளில் நான் கிளம்பினேன். கூட ஒரு புகைப்படக்காரர். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாக இறங்கி, கடலோரமாகச் சுற்றி, கடைசி வாரம் வலப்பனைப் பக்கமாக ஏறி நுவரெலியா வந்து சேர்ந்தோம். அச்சில் நாங்கள் மிதித்தே மலையேறியதாக இருக்கும். மலையில் சைக்கிளை யாரும் மிதிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். வலப்பனையிலிருந்து நுவரெலியா வரை தள்ளிக்கொண்டு வந்தோம், இரண்டு இடத்தில் லாரியில் ஏற்றிக்கொண்டும் வந்தோம். லாரியை நான் எழுதவில்லை. இது சின்னப் பொய். சின்னப் பொய்யை எழுதப் பழகிய கைதான் பெரியதையும் எழுதியது என்பதற்காகச் சொல்கிறேன்.

சைக்கிளில் வருகிறவனுக்கு ஒரு கெட்ட புத்தி வந்துவிடும். அது உனக்கும் வரும். வியர்த்துக் களைத்து வந்து நிற்பதாலேயே அடுத்தவன் வீட்டுக் கதவு தனக்காகத் திறக்க வேண்டும் என்று நினைப்பான். கதவு திறந்ததும் அந்த வீட்டின் சோறு, பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் தனக்கு வந்த சரக்கு என்று நினைப்பான். மறுநாள் காலையில் கிளம்பிவிடுவான். தான் எழுதியதற்கு அந்த வீடு என்ன பாடு படுகிறது என்று திரும்பிப் பார்க்க அவனுக்கு வழியே இல்லை. போகிற வழியெல்லாம் நான் அப்படித்தான் சாப்பிட்டேன், அப்படித்தான் எழுதினேன். இப்போது அந்த நறுக்குகளை எடுத்தால் எண்ணெய் பிசுபிசுத்த பாத்திரத்தைத் தொட்டதுபோல் கையைக் கழுவத் தோன்றுகிறது.

நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது என் பிரேக் கட்டை தேய்ந்து பிடிக்காமல் போயிற்று. ஒரு வளைவில் தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தேன். முழங்கை கிழிந்தது, முன்சக்கரம் கோணிவிட்டது. தேயிலைக் கிளைகளைக் கவ்வாத்து வெட்டி முடித்துவிட்டுக் கத்தியோடு வந்துகொண்டிருந்த ஒருவர் என்னைத் தூக்கி நிறுத்தினார். அவர்தான் பழனியாண்டி. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். தோட்டத்துக்குள் வெளியாள் தங்குவதென்றால் தோட்ட மேலாளரான துரையின் அனுமதி வேண்டும். ஆபீசுக்குப் போய் பெரிய கிளாக்கரிடம் கேட்டேன். பத்திரிகைக்காரன் என்றதும் அவர் உள்ளே போய் துரையிடம் சொல்லி, ஒரு இரவுக்கு அனுமதி வாங்கித் தந்தார். தோட்டத்தைப் பற்றி நல்லபடியாக எழுதி, அச்சானதும் ஒரு பிரதி அனுப்பிவைக்கிறேன் என்று நான் சொன்னேன். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்.

அன்று பழனியாண்டி வீட்டுக்கு வேறு விருந்தாளிகளும் வந்திருந்தார்கள். மூத்த மகளைப் பெண் கேட்டு, இன்னொரு தோட்டத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனும் சித்தப்பனும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். நம் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது, உனக்கும் தெரியும். சம்பந்தம் பேச உட்கார்ந்தால் முதலில் தோட்டத்துப் பேச்சு வராது. ஊர்ப் பேச்சுதான் வரும். திருச்சிப் பக்கத்தில், துறையூர்ப் பக்கத்தில் யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை தடவை ஊருக்குப் போனோம், எத்தனை நாள் இருந்தோம் என்பதுதான் மரியாதைக்கு அளவு. அதிகநாள் இருந்தவன் பெரிய ஆள். மாப்பிள்ளையின் தகப்பன் தனக்கு ஊரில் கிணற்றோடு தோட்டம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். பழனியாண்டி விடவில்லை.

"நாங்க மட்டும் என்னங்க சும்மாவா? சண்டை முடிஞ்ச மறுவருஷம் ஊருக்குப் போயி முழுசா ரெண்டு வருஷம் இருந்து, காரை வீடு கட்டிப்புட்டுத்தானே கப்பல் ஏறுனோம்."

"ரெண்டு வருஷமா? அம்புட்டு நாளு துரை லீவு குடுத்தாரா?" என்று சித்தப்பன் கேட்டார்.

"துரை குடுக்காட்டி போங்க. கவ்வாத்துக்கு என்னைய விட்டா யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே குறிப்புப் புத்தகத்தில் எழுதினேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாத நாள். புகைப்படக்காரர் பழனியாண்டியின் மனைவி செல்லம்மாவைக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு முன்னால் நிற்கச் சொன்னார். "ஞாயித்துக்கெழமையுமா ஐயா கூடை?" என்று அவர் கேட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார் புகைப்படக்காரர். அந்தப் படத்துக்கு, விடியற்பனியில் கொழுந்தெடுக்கப் புறப்படும் பெண் என்று நான்தான் வாசகம் எழுதினேன். படம் எடுத்து முடித்ததும் செல்லம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயா, ராத்திரி இவரு சொன்னத எழுதிப்புடாதீங்க. ஏழு மாசந்தாங்க இருந்தோம். வீடும் கட்டல, ஒண்ணும் கட்டல. சம்பந்திக்கு முன்னால அப்படித்தான் பேசுவாரு. விண்ணப்பம் வேற போட்டிருக்கோம்."

சரி என்றேன். அவர் முன்னாலேயே குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, முந்தின வரிக்குக் கீழே, ஏழு மாதம், மனைவி சொன்னது, என்று எழுதினேன். அந்தப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பென்சில் எழுத்து மங்கவில்லை.

ஹட்டனுக்கு வந்து கட்டுரை எழுத உட்கார்ந்தபோது ஏழு மாதம் என்று எழுதிப் பார்த்தேன். வாக்கியம் எடுபடவில்லை. கடல் தாண்டிப் போய் இரண்டு வருஷம் இருந்து காரை வீடு கட்டித் திரும்பியும், அந்த வீட்டில் ஒருநாள்கூட வாழாமல் மலையில் கவ்வாத்து வெட்டும் மனிதன் என்றால்தான் வாசகன் உச்சுக்கொட்டுவான். அதையே எழுதினேன். சட்டம் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் நம் குடும்பத்துக்கு விண்ணப்பம் எழுதியிருந்தேன். யுத்தம் முடிந்து நானும் ஊருக்குப் போனேன், உன் தாத்தாவின் காரியத்துக்கு. பதினொன்றரை மாதம் இருந்தேன். பன்னிரண்டைத் தாண்டக்கூடாது என்று தெரிந்து, திரும்பி வந்து தலைமன்னாரில் கப்பல் இறங்கிய நாளிலிருந்து பின்னோக்கி நாள் நாளாக விரல் விட்டு எண்ணி, நாலு முறை சரிபார்த்து எழுதினேன். நம் விண்ணப்பம் தேறியது. நீ இன்று அரசாங்க உத்தியோகத்தில் இருப்பது அந்தக் கணக்கு சரியாக இருந்ததால்தான். என் நாட்களை எண்ணத் தெரிந்த எனக்கு இன்னொருவன் நாட்களை எண்ணத் தோன்றவில்லை. பொலிஸ் செய்தி என்றால் பெயரின் முதலெழுத்தைக்கூடச் சரிபார்ப்பேன். இது பயணக் கட்டுரைதானே, வேடிக்கைதானே என்று விட்டேன். எதை வேடிக்கை என்று நினைத்தேனோ அதில் ஒரு குடும்பத்தின் நாடு இருந்தது.

அதன் பிறகு பல வருஷம் எதுவும் நடக்கவில்லை. போன மார்கழியில் எனக்கு ஒரு அழைப்பு வந்தது. நுவரெலியாவில் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பழனியாண்டியின் விண்ணப்பத்தை விசாரிக்கிறார்கள், சாட்சி சொல்ல வர வேண்டும் என்று. ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கட்டுரையைத் தேடி எடுத்து வாசித்தார். பிறகு சொன்னார்: "கட்டுரை தப்புன்னு நீங்க அங்க போய்ச் சொன்னா நாளைக்கு நாம போடற எந்தச் செய்தியையும் எவனும் நம்ப மாட்டான். ஞாபகம் இல்லைன்னு சொல்லிடுங்க. அதுல பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை." நான் மறுத்துப் பேசவில்லை.

விசாரணை அதிகாரி நடந்துகொண்ட விதத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோபப்பட ஒரு ஆள் கிடைக்கமாட்டானா என்று தேடுகிறேன், அவர் அதற்குக்கூட உதவவில்லை. பழனியாண்டி கொண்டுவந்த அரிசிக் கூப்பன் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, தோட்டத்துக் கடிதம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். ஊருக்குப் போய்வந்த காலத்து வேலைநாள் பதிவான செக்ரோல் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வருஷத்துப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது என்று தோட்டம் எழுதியிருந்தது. கப்பல் சீட்டு எங்கே என்றார். மழையில் ஒழுகி ஊறிப்போனது என்றார் பழனியாண்டி. பிறகு அதிகாரி ஒரு நறுக்கை எடுத்து மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். என் வாக்கியங்கள் அந்த அறையில் ஒவ்வொன்றாகக் கேட்டன. அழகாக எழுதியிருந்தேன் தம்பி. அந்த அழகைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

பழனியாண்டி எழுந்து, அது சம்பந்திக்கு முன்னால் சும்மா சொன்னது என்றார். சும்மா ஏன் சொன்னீர்கள் என்று அதிகாரி கேட்டார். நம் வழக்கத்தை அந்த அறையில் எப்படி விளக்குவது? செல்லம்மா எழுந்து நின்றார். "ஏழு மாசந்தான்னு இந்த ஐயாகிட்ட மறுநாளே சொன்னேங்க. எழுதிக்கிட்டாரு. அவரையே கேளுங்க." அதிகாரி என்னைக் கேட்டார். இந்த அம்மா அப்படிச் சொன்னது உண்மையா?

ஞாபகம் இல்லை என்றேன்.

செல்லம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. ஏதோ தவறான ஆளிடம் பேசிவிட்டோம் என்பதுபோல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வெளியே வந்ததும் நான் பழனியாண்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். எதற்கு என்று இப்போது தெரியவில்லை. அவர் தன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் நீ முகம் சுளிப்பாய், சுளிக்க வேண்டும். அந்த நறுக்கு அதிகாரி கைக்கு எப்படிப் போயிற்று என்று யோசித்து, பெரிய கிளாக்கர்தான் காட்டிக்கொடுத்திருப்பார் என்று முடிவு செய்தேன். விசாரிக்கவில்லை, முடிவு செய்தேன். தொழிற்சங்கத்து ஆட்களிடம் சொன்னேன். தைப்பூசத்தன்று கோயிலில் அவர் வந்து நின்றபோது யாரும் அவரோடு பேசவில்லை. விபூதித் தட்டு அவரைத் தாண்டிப் போனது. நான் ஒரு தூணுக்கு அருகில் நின்று அதைப் பார்த்தேன், சரிதான் என்று நினைத்துக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை உத்தரவைப் படித்துவிட்டு நேராக அந்தப் பெரிய கிளாக்கர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். கேட்டதற்கு அமைதியாகப் பதில் சொன்னார். "நீங்கள் அனுப்பினதைத்தானே நான் ஃபைல்ல போட்டனான். துரைக்கு நான்தான் வாசிச்சு இங்கிலீசில சொன்னனான். அவர் சந்தோசப்பட்டு, பத்திரமா வையுங்கோ எண்டவர். பிறகு பிரஜாவுரிமைக் கந்தோர்ல இருந்து பழனியாண்டியைப் பற்றி உள்ள கடுதாசி எல்லாம் தாங்கோ எண்டு கேட்டவை. ஃபைலை அப்பிடியே அனுப்பினது." பிறகு, "உங்கட கையெழுத்தோட கடிதமும் அதில கிடக்கு" என்றார்.

உண்மைதான். தங்க இடம் கொடுத்த ஒவ்வொரு தோட்டத்துக்கும், நன்றியுடன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நறுக்கு ஒன்று அனுப்பினேன். வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா, அதை மட்டும் நாணயமாக நிறைவேற்றினேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னிக்கவில்லை. தேநீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

அங்கிருந்து மறுபடி லயத்துக்குப் போய்ப் பழனியாண்டியிடமும் செல்லம்மாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தையும் காட்டினேன். செல்லம்மா அந்தப் பென்சில் வரியின்மேல் விரலை வைத்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இதுவா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அன்னிக்கே இது இருந்துச்சா?" என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். பழனியாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நெசமாவே ரெண்டு வருஷம் இருந்திருந்தா அந்தக் காரை வீட்டையாவது கட்டியிருக்கலாம் போல. ஏழு மாசத்துக்கே இந்தத் தண்டனைன்னா, கட்டாத வீட்டுக்கு வரி கேக்காம விட்டாங்களே" என்றார். சிரித்தார். மகளின் கல்யாணம் அந்தச் சம்பந்தத்திலேயே நடந்து, இரண்டு பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இளைய மகன் ஒருவன் அடுத்த வருஷம் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். இந்த உத்தரவு நிலைத்தால் அவனுக்கு எந்த நாடும் இல்லை.

நீ சைக்கிளில் போகாதே என்று நான் சொல்லவில்லை. போ. சங்கிலிக்கு எண்ணெய் போடு, பிரேக் கட்டையை நுவரெலியாவில் மாற்றிக்கொள், மழைக்கோட்டை நம்பாதே. ஆனால் குறிப்புப் புத்தகம் கொண்டுபோகாதே. கொண்டுபோனால், ஒரு வீட்டில் கேட்டதை எழுதும் முன் அந்த வீட்டாரிடம் அதை வாசித்துக் காட்டு. வேண்டாம் என்றால் அவர்கள் கண்முன்னாலேயே கிழி. அது உன் கட்டுரைக்கு நல்லதல்ல என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். கட்டுரை கெட்டால் கெடட்டும். நான் சந்தித்த மனிதர்களின் பட்டியலை உன்னிடம் தரமாட்டேன். மற்ற வீடுகளைப் பற்றி நான் எழுதியதில் எத்தனை ரெண்டு வருஷம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அவர்கள் ஒவ்வொருவரையும் போய்ப் பார்த்து உண்மை கேட்க வேண்டிய வேலை இருக்கிறது. அது உன் வேலை அல்ல, என் வேலை. இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் போவேன். பஸ்ஸில் போவேன்.

வேலையைப் பற்றி நீ கவலைப்படுவாய். இது அச்சில் வந்த மறுநாள் என்னை வெளியே அனுப்புவார்கள் என்றுதான் நினைக்கிறேன். அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். அவள், அந்தப் பொம்பளைக்கு நீங்க மார்கழியிலேயே பதில் சொல்லியிருக்கணும் என்றாள். நான்கு நாளாக என்னோடு பேசுவதில்லை.

இப்போதைய நிலை இது. மேன்முறையீட்டு மனுவை ஹட்டனில் உள்ள வழக்கறிஞர் எழுதிக்கொண்டிருக்கிறார். உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வைகாசி முடிவதற்குள் அனுப்பிவிடலாம் என்கிறார். குறிப்புப் புத்தகமும், மார்கழியில் நான் சொன்னது பொய் என்ற என் சத்தியக்கடதாசியும் அதோடு போகின்றன. விசாரணை முடிந்த பிறகு வரும் புதிய சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்குமா என்பது தெரியவில்லை. ஏற்றால் மறுவிசாரணை வரும். அதற்கு ஐப்பசி ஆகலாம், தை ஆகலாம். அப்போது என்னை மறுபடி அந்த நாற்காலியில் உட்காரவைத்து, முதல் முறை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பார்கள், பொய்ச்சாட்சிக்கு உங்கள்மேலேயே வழக்கு வரலாம், பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று வழக்கறிஞர் எச்சரித்திருக்கிறார். பதில் தயாராக இருக்கிறது. கேள்வி இன்னும் வரவில்லை.

அப்பா